மெதுவாகச் சொன்ன அனுமதி

என்னிடம் புத்தகம் இரவல் வாங்கிப் போகிறவர்கள் திருப்பிக் கொடுக்க வரும்போது ஒரு கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வாங்கின கையோடு அதை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், பக்கங்கள் பிரிந்து நிற்கும்படி விரித்து, வெயிலில் வைத்துவிட்டு வந்துதான் காபி போடுவேன். கொண்டுவந்தவர் டாக்டராக இருந்தாலும் சரி, சர்ச் ஐயராக இருந்தாலும் சரி. இதற்காக முகம் சுளித்து, பேச்சையே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

போன மாதம் எங்கள் நர்ஸுகள் சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சங்கத்து மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றாள். மாடியில் விரித்துக் கிடந்த புத்தகங்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டி.பி.க்கு இப்போ மாத்திரைதான் ஆன்ட்டி. வீட்டுலயே இருந்து சாப்பிட்டுட்டு வேலைக்குப் போறாங்க. நீங்க இன்னும் புக்கைக் காயப் போடுறீங்களே" என்றாள். சேவை, தியாகம் என்று ஏதாவது எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னாள். அதைப் பற்றி எழுதச் சங்கத்தில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நான் பயத்தைப் பற்றி எழுதுகிறேன். என் வேலையில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அதுதான்.

நான் பிறந்தது, வளர்ந்தது, ஓய்வு பெற்றது எல்லாம் மைசூரில். அப்பா சர்ச்சில் உபதேசியார். வீட்டில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் போக, யார் யாரோ கொடுத்த பழைய தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு தகரப் பெட்டி நிறையக் கிடந்தன. தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ். மூன்றில் எது கையில் கிடைத்தாலும் படித்துவிடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படித்து, அது பொங்கி வழிந்து, அம்மாவிடம் அடி வாங்காத வாரம் கிடையாது. "இவளைக் கட்டிக்கிறவன் கஞ்சி குடிச்சே சாவான்" என்பாள் அம்மா. நர்ஸ் படிப்பில் சேர்ந்ததுகூட, அந்த விடுதியில் ஒரு வாசகசாலை உண்டு என்று கேள்விப்பட்டுத்தான். பயிற்சி வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டில் விரிப்பு மடிக்கவும் பெரியவர்களுக்குப் பதில் பேசாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு வெளியே இருந்த ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே போக மற்றப் பெண்கள் மறுத்ததால்தான் எனக்குக் கிடைத்தது. அங்கிருந்த மேட்ரன் கன்னடக்காரர். உயரமானவர், நடக்கும் சத்தமே கேட்காது. எதையும் "நோடு" என்றுதான் ஆரம்பிப்பார், பார் என்று அர்த்தம். அவர் அப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர் வேறு எங்கும் பார்க்க முடியாது.

முதல் நாள் அவர் என்னை எதிரே நிற்கவைத்து, ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். உச்சரிப்பைச் சோதிக்கிறார் என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவள் என்ற கர்வத்தோடு கணீரென்று படித்தேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் முடிந்தது. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அவர் புத்தகத்தை வாங்கி மேஜையில் வைத்தார்.

அந்த விரல் ஒருநாள் என்னைக் கொல்லும் என்று கன்னடத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னார். வார்டுக்குள் இருக்கும் புத்தகங்களை யார் யார் தொட்டிருக்கிறார்கள், எந்தப் பக்கத்தின்மேல் யார் இருமியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். பிறகு குவினைன் தூளைத் தண்ணீரில் குழைத்து என் விரல் நுனியில் தடவிவிட்டார். தினமும் காலையில் டியூட்டிக்கு வரும்போது அவரிடம் விரலை நீட்ட வேண்டும். எச்சில் தொடும் பழக்கம் விடும்வரை நீட்டினேன். எத்தனையோ முறை என்னை அறியாமல் நாக்குக்குப் போன விரல், கசந்து திரும்பி வந்தது. குவினைன் இல்லாத நாளாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைப்பேன்.

அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் என்பது பெரும்பாலும் படுக்கைதான். நீண்ட வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள். மழைச் சாரல் அடித்தாலும் குளிர்ந்தாலும் காற்று வேண்டும் என்று திறந்தே கிடக்கும். நோயாளிகள் அசையக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. காசநோய்க்கு வந்த புது மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது தங்கம் மாதிரி, பெரிய டாக்டர் யாருக்கு என்று முடிவு செய்கிறாரோ அவருக்குத்தான். புண் இருக்கும் நுரையீரல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதால் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படிக்கவும் தடை. கை தூக்கினால் மார்பு வேலை செய்யும் என்பார்கள். படிப்பது என் உயிர். படிக்காதே என்று நாளெல்லாம் சொல்வது என் வேலை.

வார்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. உள்ளே வந்த புத்தகம் வெளியே போகாது. நடக்கும் அளவுக்குத் தேறினவர்கள் படித்துத் திருப்பிக் கொடுத்ததும் வெயிலில் காய வேண்டும், பிறகு தகரம் அடித்த பெட்டியில், கிருமியைக் கொல்லும் ஃபார்மலின் புகையில் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். ரத்தம் பட்ட பக்கத்தை இடுக்கியால் பிடித்துக் கத்தரித்து அடுப்பில் போடுவோம். எங்களுக்கும் அவ்வப்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். படம் கழுவி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி ஒருநாள் எக்ஸ்ரே அறையிலிருந்து வந்தவள், யூனிஃபார்மைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அதே வார்டில் கட்டிலில் படுத்தாள். மறுநாள் காலை அவளுக்கு நான்தான் ஜுரம் பார்த்தேன். அவளும் என்னைப் போலவே படிக்கிறவள். அதன் பிறகு அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

மரகதம் அங்கே வந்து சேர்ந்தது ஒரு மழைக்காலத்தில். கொள்ளேகாலத்துக்கு அந்தப் பக்கம் ராமாபுரத்தில் மளிகைக் கடைக்காரரின் மனைவி. என் வயதுதான் இருக்கும். இடது நுரையீரலில் ஓட்டை. நெஞ்சுக்குள் ஊசியால் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருக்கிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. வந்த அன்றே அலமாரியைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், அதுல தமிழ்ப் புஸ்தகம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அவள் படித்த கதையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அவளுடைய அப்பாவும் கடைக்காரர். பொட்டலம் கட்ட வரும் பழைய தாள்களைத்தான் அவள் சிறு வயதிலிருந்து படித்து வந்திருக்கிறாள். கதை பாதியில் ஆரம்பிக்கும், பாதியில் நிற்கும். மீதித் தாளில் யாருக்கோ சீரகம் போயிருக்கும். "ஒரு கதையும் முழுசாப் படிச்சதில்லீங்க. முடிவ நானே ரோசனை பண்ணி வெச்சுக்குவேன்" என்றாள்.

அசையக் கூடாத நோயாளிகளுக்கு நர்ஸ் படித்துக் காட்டலாம் என்று மேட்ரன் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். பிற்பகல் ஓய்வு முடிந்த பிறகு, முகத்துணி கட்டிக்கொண்டு, காற்று வரும் திசையில் தள்ளி உட்கார்ந்து படிக்க வேண்டும். சிரிக்கவைக்கும் கதை கூடாது, இருமல் வரும். அழவைக்கும் கதையும் கூடாது, மூச்சு வாங்கும். ரேஷன் கார்டைப் படிப்பதுபோலப் படி என்பார். அலமாரியில் தமிழ் என்று சொல்லிக்கொள்ள இருந்தவற்றில் கதைப் புத்தகம் ஒன்றே ஒன்று. அட்டையும் இல்லை, பெயரும் இல்லை, எழுதியவர் யார் என்றும் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உப்பு வியாபாரியின் மகள் அன்னம், தான் செய்யாத குற்றத்துக்குப் பழி ஏற்று, தங்கையைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டு நடக்கிறாள். அதுதான் கதை. ரேஷன் கார்டு மாதிரிதான் படித்தேன், சத்தியம். ஆனால் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தவர்களும் தலையைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். மரகதம் என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாள். அவள் இல்லாமல் நான் முன்னால் படித்துவிடக் கூடாது. நான் அப்போது எதைக் கையில் எடுத்தாலும் விடியும்வரை வைக்காதவள். அவளுக்காக அந்தப் புத்தகத்தை மட்டும் தினம் ஒரு வாயாகச் சாப்பிட்டேன்.

பெரிய டாக்டர் அவளுக்கு விலா எலும்பு ஆபரேஷன் என்று முடிவு செய்தார். மேலே உள்ள விலா எலும்புகளைத் துண்டித்து எடுத்துவிட்டால் மார்பு அமுங்கி, ஓட்டை மூடிக்கொள்ளும். ஒரே தடவையில் செய்தால் உடம்பு தாங்காது என்று இரண்டு தடவையாகச் செய்வார்கள். மயக்கம் கொடுத்தால் சளி நல்ல நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று, மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, விழித்திருக்கும்போதே செய்வார்கள். முதல் தடவை நான் ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. மறுநாள் நான் முகம் துடைத்துவிடும்போது சொன்னாள்.

"வலி அவ்வளவா இல்லீங்க சிஸ்டர். சத்தந்தான். என்ற எலும்பு ஒடியற சத்தத்த நானே கேட்டேன். இன்னொருக்கா என்னால கேக்க முடியாதுங்க."

இரண்டாவது ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் கணவர் சாமராஜநகர் வழியாக பஸ் மாறி வந்து, வராந்தாவுக்கு வெளியே நின்றபடி கெஞ்சினார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய டாக்டர் கோபிக்காமல் விளக்கிச் சொன்னார்: நாள் தள்ளினால் எலும்பு திரும்ப வளர்ந்து இறுகிவிடும், அப்புறம் செய்ய முடியாது, முதல் தடவை பட்டது அத்தனையும் வீண். சளியில் இன்னும் கிருமி இருந்தது, ஜுரமும் இறங்கவில்லை. அவள் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு காலையும் நான் அவள் கட்டிலுக்குப் போகும்போது பயந்துகொண்டேதான் போனேன்.

இங்கே எங்கள் வார்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் கிடையாது, ஆனால் அங்கே படுத்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு நோயாளி தேறிவிட்டால் பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று, "இனி இவங்க படிக்கலாம்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். இன்னொரு விதமாகவும் அதே அனுமதி கிடைக்கும். ரவுண்ட்ஸ் முடித்துப் போகும்போது, கதவருகில் நின்று, மேட்ரனிடம் மெதுவாகச் சொல்வார். அதற்கு அர்த்தம், இனி எதைத் தடுத்தும் பயனில்லை, ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்பது. அப்படிப்பட்டவர்களுக்கு எல்லாமே கிடைக்கும். தலைக்கு மல்லிகைப்பூ, ஊறுகாய், புத்தகம். எல்லோரும் அவர்களிடம் இனிப்பாகவே பேசுவோம். அடுத்த மாதம் வீட்டுக்குப் போய்விடலாம் என்போம். சத்தமாகச் சொன்னாரா, மெதுவாகச் சொன்னாரா என்பதைத்தான் நோயாளிகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். கேட்காவிட்டால் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். புத்தகத்தை ஏந்திக்கொண்டு ஒரு கட்டிலை நோக்கி நடப்பது போலக் கொடுமையான நடையை நான் என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

ஒரு புதன்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்து பெரிய டாக்டர் கதவருகில் நின்றார். மேட்ரனிடம் ஏதோ சொன்னார். மேட்ரன் என் பக்கம் திரும்பினார். "நோடு ரோஸ்" என்றார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரகதத்துக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிடு, அவளே வைத்துப் படிக்கட்டும் என்று சொன்னது காதில் விழுந்ததே தவிர மனத்தில் ஏறவில்லை.

அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். முகத்துணி கட்டியிருந்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், பாதி முகமாவது மறைந்திருக்குமே. அவள் கட்டிலில் புத்தகத்தை வைத்து, "டாக்டர் உன்னையே படிக்கச் சொல்லிட்டார் மரகதம்" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்திருந்ததாகத்தான் நினைத்தேன்.

அவள் புத்தகத்தைத் தொடவில்லை. என் கண்ணைப் பார்த்தாள்.

"சத்தமாச் சொன்னாருங்களா, மெதுவாச் சொன்னாருங்களா?"

நான் குனிந்து அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தேன். பக்கத்துக் கட்டில்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க ஒரு முழுப் புத்தகத்துக்கு ஏங்கியவள், அதை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப எனக்கு இது வேண்டாங்க. எடுத்துட்டுப் போயிருங்க. ஆப்ரேசனுக்கு வர்றேன்னு சொல்லுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னாள். "ஆனா நீங்க என்ற தலமாட்டுல இருக்கோணும். மீதிக் கதைய காதுகிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கோணும். அந்தச் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது."

மேட்ரன் பெரிய டாக்டரிடம் பேசினார். அவருக்குப் பிடிக்கவில்லை. தியேட்டர் என்ன கதாகாலட்சேப மேடையா என்று கேட்டாராம். நோயாளி அசையாமல் கிடந்தால் சரி, குரல் தனக்குக் கேட்கக் கூடாது என்று கடைசியில் சம்மதித்தார். ஆனால் வார்டுப் புத்தகம் தியேட்டருக்குள் நுழைய முடியாது. மீதியை நான் முன்னாலேயே படித்து மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவளிடம் கேட்டேன். வேறு வழியில்லாததால் வாக்கிலிருந்து என்னை விடுவித்தாள்.

துணிகள் அடுக்கும் அறையில் உட்கார்ந்து படித்தேன். நாங்கள் நிறுத்தியிருந்த இடத்தில், அன்னமும் தங்கையும் ஆற்றங்கரைக்கு வந்திருந்தார்கள். வெள்ளம் ஓடுகிறது, படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம். அன்னம் தன் காதுத் தோட்டைக் கழற்றித் தங்கையின் காதில் போட்டு, படகில் ஏற்றி அனுப்புகிறாள். வெள்ளம் வடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று கரையில் நிற்கிறாள். அடுத்த பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். வெள்ளம் வடிவதற்குள் அன்னத்துக்கு ஜுரம் கண்டுவிடுகிறது. கரையோரச் சத்திரத்தில், பெயர்கூடச் சொல்லாமல் செத்துப்போகிறாள். தங்கை திரும்பி வருவது அதற்குப் பிறகுதான்.

கத்தியின்கீழ் விழித்துக் கிடக்கப் போகிற ஒரு பெண்ணின் காதில் இதையா சொல்வது? மேட்ரனிடம் ஓடினேன். கதையைக் கேட்டுவிட்டு, அன்னத்தைப் பிழைக்க வைத்துவிடு, அந்த எழுத்தாளர் வந்து உன்னைக் கேட்கப் போவதில்லை என்றார். உயிர் பெரியதா, அச்சில் இருப்பது பெரியதா என்று கேட்டார். உயிர்தான் என்றேன். அன்று முழுக்க ஒரு புதிய முடிவை ஜோடித்தேன். வெள்ளம் வடிகிறது, படகு திரும்பி வருகிறது, பழி சொன்னவனே உண்மையை ஒப்புக்கொள்கிறான், அக்காளும் தங்கையும் வாசலில் கோலம் போடுகிறார்கள். எனக்கே பிடித்திருந்தது.

ஆபரேஷன் அன்று காலை அவளுக்கு நான்தான் தலை வாரிப் பின்னிவிட்டேன். மேஜையில் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது கையை மேலே தூக்கிக் கட்டினார்கள். தலைக்கும் முதுகுக்கும் நடுவே துணியைத் திரைபோலத் தொங்கவிட்டார்கள். என் பக்கத்தில் அவள் முகமும் வலது கையும் மட்டும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்தேன். மேட்ரன் கருவிகளுக்குப் பக்கத்தில் நின்றார். சின்ன டாக்டர் ஒருவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதையை ஆற்றங்கரையிலிருந்து ஆரம்பித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் முதல் எலும்பு ஒடிந்தது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோன்ற சத்தம். என் உடம்பே ஒரு முறை தூக்கிப் போட்டது. அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. நான் நிறுத்தவில்லை. சத்தம் வரும் ஒவ்வொரு முறையும் உதட்டை இன்னும் காதோடு ஒட்டிவைத்துச் சொன்னேன். படகுக்காரனுக்கு இல்லாத மீசையை வைத்தேன், இல்லாத பாட்டைப் பாடவைத்தேன். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது எலும்பும் போயிற்று.

அதற்குப் பிறகு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பெரிய டாக்டர் இங்கிலீஷில் மேட்ரனிடம் அவசரமாக ஏதோ கேட்டார். இடுக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம். சின்ன டாக்டர் சொன்ன எண்கள் ஒவ்வொரு தடவையும் இறங்கின. ரத்தப் பாட்டிலை மாட்டச் சொன்னார்கள். என் விரலுக்கடியில் நாடி மெலிந்து நூலாகியது. அவள் உதடு வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வியர்வை பொடித்தது. மேட்ரன் திரைக்கு மேலாக என்னைப் பார்த்தார், நிறுத்தாதே என்று கண்ணால் சொன்னார். நான் படகைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அன்னம் அதில் காலை வைத்தாள்.

மரகதத்தின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"பொய் சொல்றீங்க சிஸ்டர்." ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "தோட்டக் கழட்டிக் குடுத்தவ... திரும்பி வரமாட்டா. அத எழுதுனவங்க... அப்பவே முடிவு பண்ணிட்டாங்க. உள்ளதச் சொல்லுங்க."

பொட்டலத் தாளில் பாதிப் பாதியாகப் படித்து, முடிவுகளைத் தானே யோசித்துப் பழகியவளிடம் என் ஜோடனை எப்படிச் செல்லும்? இதை நானும் மேட்ரனும் யோசிக்கவில்லை. ஆனால் அப்போது என் மனத்தில் ஓடியது அது அல்ல. இவள் போகிறாள் என்று நினைத்தேன். நாடியைப் பிடித்திருக்கிறவளுக்கு அது தெரியும். அதுவரை சாகிறவர்கள் பலரிடம் இனிப்பாகப் பேசி அனுப்பியிருக்கிறேன். இவளையும் அப்படி அனுப்ப என்னால் முடியவில்லை. ஒரே ஒரு கதையை முழுசாகக் கேட்க ஆசைப்பட்டவள், அதிலும் பொய்யான முடிவோடு போக வேண்டாம் என்று தோன்றிற்று.

"அன்னம் செத்துட்டா மரகதம்" என்றேன். "வெள்ளம் வடியறதுக்குள்ள ஜுரம் வந்துட்டுது. சத்திரத்துலயே செத்துட்டா."

அவள் கண்ணை மூடினாள். ஒரு கண்ணின் தண்ணீர் மூக்கைத் தாண்டி வழிந்து ரப்பர் விரிப்பில் விழுந்தது. அவ்வளவுதான் என்று நினைத்து நாடியைத் தேடினேன். அவள் மறுபடி உதட்டை அசைத்தாள்.

"தங்கச்சி?"

"தண்ணி வடிஞ்சதும் வந்தா. தோட்டக் கழட்டி அங்கயே வச்சுட்டுப் போனா."

"செரிங்க" என்றாள். புத்தகத்தில் கடைசி வரிகள் எப்படி இருந்தனவோ அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் சொல்லி முடித்தேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனபோது வேதாகமத்தில் எனக்குத் தெரிந்த சங்கீதங்களை முணுமுணுத்தேன். மூன்றாவது எலும்பு ஒடிந்த சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. பெரிய டாக்டர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து நாடி எப்படி என்று கேட்டார். பதில் சொல்வதற்காகக் கவனித்தபோதுதான் அது என் விரலைத் தட்டுவதை உணர்ந்தேன். கொஞ்சம் முன்னால் இருந்ததைவிட நன்றாகத் தட்டியது.

இதைப் படிக்கிறவர்கள் கதை அவளைக் காப்பாற்றியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தம் நின்றது டாக்டர் கையால். பாட்டிலில் இருந்த ரத்தம் உள்ளே ஏறியதால் நாடி திரும்பியது. நான் நர்ஸ், எனக்கு இது தெரியும். கதையைச் சொல்லி யாரையும் பிழைக்க வைத்ததாக நான் என்றும் சொல்லிக்கொண்டதில்லை.

தியேட்டருக்கு வெளியே மேட்ரன் என்னை நிறுத்தினார். அன்னத்தைப் பிழைக்க வைத்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். போய்க் கையைக் கழுவு என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மரகதம் மெல்லத்தான் தேறினாள். மார்பில் மணல் மூட்டை வைத்துக் கட்டி, நெடுநாள் கிடந்தாள். இடது தோள் சரிந்துவிட்டது. அடுத்தடுத்து ஜுரம் வரும் நாட்களில் நான் தூக்கம் இல்லாமல் இருந்தேன். பிறகு ஜுரம் நின்றது, சளி சுத்தமாக வந்தது, மறுபடியும் சுத்தமாக வந்தது. ஒரு காலை பெரிய டாக்டர் அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "மரகதம் இனி படிக்கலாம்" என்று வராந்தாவின் கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி சொன்னார். அக்கம்பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் விதியை மறந்து எழுந்து உட்கார்ந்தார்கள். மேட்ரன் அன்று யாரையும் அதட்டவில்லை.

ஊருக்குக் கிளம்பிய அன்று அவள் கணவர் ஜட்கா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவளைக் கைபிடித்துப் படியில் இறக்கினேன். முந்தானையால் சரிந்த தோளைப் போர்த்துக்கொண்டு, கணவர் காதில் விழாத தூரத்தில் நின்று என்னிடம் பேசினாள்.

"சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. இந்த ஆஸ்பத்திரியில சாகப்போறவகிட்ட யாரும் நெசத்தச் சொன்னதே இல்லீங்களே. எல்லாரும் தேனாத்தானுங்க பேசறாங்க. அன்னிக்கு மேசை மேல எனக்கு எல்லாம் இருட்டிக்கிட்டு வந்துது. போயிட்டேன்னுதான் நெனச்சேன். அப்பப் பாத்து, அன்னம் செத்துட்டான்னு நீங்க சொன்னீங்கல்ல? அதக் கேட்டதுந்தானுங்க நான் பொழச்சுக்குவேன்னு தைரியம் வந்துது. சாகற உசுரா இருந்தா நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கல்ல?"

அவள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று நான் முகத்துணி கட்டியிருக்கவில்லை.

"ஆமா மரகதம்" என்றேன். ஜட்கா கிளம்புவதற்குள் வார்டுக்குள் திரும்பிவிட்டேன். அவள் எதிரே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க எனக்குப் பயமாக இருந்தது.